குளிசைக்குக் கேட்காத சலக்கடுப்பு: யாழ். குடாநாடும் நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பும்

2024 டிசெம்பரில் வடமராட்சியில் திடீரெனப் பரவிய காய்ச்சல் குறைந்தது ஏழு உயிர்களைப் பறித்தபோது, யாழ். குடாநாடு முழுவதும் அதைப் பற்றியே பேசியது. நோயாளிகளின் மாதிரிகள் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பப்பட்டன. எலிக்காய்ச்சல் என்பது உறுதியானது. வயலில் இறங்கும் விவசாயிகளுக்கும் ஆபத்தில் இருந்த ஏனையோருக்கும் டொக்சிசைக்கிளின் என்ற மாத்திரை முற்காப்பாக வழங்கப்பட்டது. அந்த நாட்களில் எவரும் அதிகம் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்திலுள்ள, மிக மலிவான ஒரு மருந்து அந்தக் கிருமிக்கு எதிராக இன்னமும் வேலை செய்தது. அது வேலை செய்யாத ஒரு காலத்தில் அதே நோய் வந்திருந்தால் வடமராட்சியின் கதை வேறாக இருந்திருக்கும்.

அப்படியொரு காலம் வேறொரு நோயைப் பொறுத்தவரை ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த நோய் தலைப்புச் செய்தியாவதில்லை. வீட்டிலும் அதைப் பற்றி உரத்துப் பேச மாட்டார்கள். சலக்கடுப்பு என்றும் சல எரிவு என்றும் ஊரில் சொல்லப்படும் சிறுநீர்த் தொற்றே அது. மூன்று நாள் குளிசையுடன் ஒருகாலத்தில் மாறிய இந்த வருத்தம், இன்று இரண்டு மூன்று வகை மருந்துகளுக்கும் கேட்காமல், ஊசி மருந்துக்காக விடுதியில் அனுமதிக்கப்படும் நிலைக்கு நோயாளரைக் கொண்டுசெல்கிறது.

உலக அளவில் இதன் பரிமாணத்தைப் புரிந்துகொள்ளச் சில எண்கள் போதும். 2019 ஆம் ஆண்டில் மாத்திரம் மருந்துக்குக் கட்டுப்படாத பக்ரீரியாத் தொற்றுகள் நேரடியாக 1.27 மில்லியன் மரணங்களுக்குக் காரணமாயின. 4.95 மில்லியன் மரணங்களில் அவற்றுக்குப் பங்கிருந்தது. 2025 முதல் 2050 வரை 39 மில்லியனுக்கும் அதிகமானோர் இதனால் இறக்கக்கூடும் என்று 2024 செப்டெம்பரில் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2025 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பக்ரீரியாத் தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்துக்கு எதிர்ப்புக் காட்டியதாகக் கூறுகிறது. அந்த அறிக்கையில் தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்குரிய கணக்கு மூன்றில் ஒன்று. நாம் வாழ்வது அந்த மூன்றில் ஒன்றுக்குள் என்பதை மனதில் வைத்துத்தான் இந்தப் பிரச்சினையை அணுக வேண்டும்.

ஏன் சிறுநீர்த் தொற்று?

மருந்து எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது தீவிர சிகிச்சைப் பிரிவும் சத்திரசிகிச்சைக் கூடமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு சமூகத்தில் எதிர்ப்பு எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்பதைச் சிறுநீர்த் தொற்றைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை. உலகில் ஆண்டொன்றுக்கு 400 மில்லியனுக்கும் அதிகமானோருக்கு இது வருகிறது. பெண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதை அனுபவிக்கிறார்கள். பெண்களின் சிறுநீர் வழி குட்டையானது, மலவாயிலுக்கு அருகில் அமைந்தது என்ற உடலமைப்பே முதன்மைக் காரணம். ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடும் பேச்சுகளுக்கு மருத்துவத்தில் இடமில்லை.

இந்தத் தொற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றை ஏற்படுத்துவது ஈ. கோலை என்ற பக்ரீரியா. அது வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. எங்கள் குடலில் எப்போதும் வாழும் கிருமி அது. நாம் குடிக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர்க்கொல்லியும், அது இருமலுக்காக எழுதப்பட்டதாக இருந்தாலும், பல்வலிக்காகக் கடையில் வாங்கியதாக இருந்தாலும், குடலுக்குள் இருக்கும் ஈ. கோலையையும் தாக்குகிறது. பலவீனமானவை அழிகின்றன. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. பல மாதங்களின் பின் அவற்றில் ஒன்று சிறுநீர்ப்பைக்குள் நுழையும்போது, முன்னர் குடித்த மருந்தின் கணக்கு அங்கே தீர்க்கப்படுகிறது.

இந்தக் கிருமிகளிடம் உள்ள ஆயுதங்களில் முக்கியமானது ஈ.எஸ்.பி.எல். எனப்படும் நொதியம். சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் இந்த எழுத்துகளை வாசகர்களில் சிலர் கண்டிருக்கக்கூடும். பெனிசிலின் குடும்ப மருந்துகளையும் செபலோஸ்போரின் குடும்பத்தின் பெரும்பாலான மருந்துகளையும் இந்த நொதியம் உடைத்துப் போடுகிறது. அதைத் தயாரிக்கும் மரபணு, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் அமைந்திருப்பதால் ஒரு பக்ரீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு இலகுவாகக் கைமாறும். பெரும்பாலும் அதே வளையத்தில் வேறு மருந்துகளுக்கு எதிரான மரபணுக்களும் கூடவே வருகின்றன. எனவேதான் ஒரு மருந்தைத் தவறாகப் பாவித்ததன் விளைவு, தொடர்பே இல்லாத இன்னொரு மருந்தும் பயனற்றுப் போவதாக முடிகிறது.

ஈ.எஸ்.பி.எல். உள்ள கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் வைத்தியருக்கு எஞ்சுவது பெரும்பாலும் மெரோபெனம் போன்ற கார்பபெனம் குடும்ப ஊசி மருந்துகளே. அவற்றையும் உடைக்கும் நொதியம் ஒன்று 2008 இல் இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளரிடம் சுவீடனில் கண்டறியப்பட்டது. என்.டி.எம்.-1 என்று பெயரிடப்பட்ட அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2010 இல் உலகுக்குக் காட்டிய ஆய்வின் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த ஆய்வில் சென்னையிலிருந்து மாத்திரம் 44 மாதிரிகளில் அது காணப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்தது என்று நாம் ஒதுக்கிவிட முடியாத தூரத்தில்தான் இது நடந்தது.

ஓர் எண் இல்லாமல் எழுதப்படும் சிட்டை

சிறுநீர்த் தொற்றுடன் வரும் நோயாளருக்கு வைத்தியர் மருந்து எழுதும்போது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது. வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். அதுவரை அனுபவத்தின் அடிப்படையில் ஊகித்தே சிகிச்சை தொடங்கப்படுகிறது. அந்த ஊகம் சரியாக அமைய வேண்டுமானால் வைத்தியருக்கு ஓர் எண் வேண்டும். அதாவது, அந்தப் பிரதேசத்தில் கடந்த ஆண்டு சோதிக்கப்பட்ட சிறுநீர்க் கிருமிகளில் எத்தனை சதவீதம் குறித்த மருந்துக்கு எதிர்ப்புக் காட்டின என்ற எண்.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2010 ஆம் ஆண்டு வழிகாட்டி இதற்கு ஒரு தெளிவான எல்லையை வகுத்தது. ஒரு பிரதேசத்தில் கோ-ட்ரைமொக்சசோலுக்கான எதிர்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால், அதை ஊகச் சிகிச்சைக்குப் பாவிக்கக்கூடாது. சிறுநீரகத் தொற்றுக்கு சிப்ரோபுளொக்சசின் குடும்ப மருந்துகளைப் பொறுத்தவரை இந்த எல்லை 10 சதவீதம். ஆக, வல்வெட்டித்துறையில் ஒரு வைத்தியர் எழுதும் சிட்டை சரியா பிழையா என்பதை முடிவுசெய்வது பாடப்புத்தகத்தை விட வல்வெட்டித்துறையைச் சூழவுள்ள பிரதேசத்தின் எண்ணே.

இலங்கையில் இதற்கான அடித்தளம் இல்லாமலில்லை. இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரியும் சுகாதார அமைச்சும் 2016 இல் தேசிய வழிகாட்டியை வெளியிட்டன. மருந்து எதிர்ப்பை எதிர்கொள்ள 2017–2022 காலத்துக்கும், பின்னர் 2023–2028 காலத்துக்கும் தேசிய மூலோபாயத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. வடமாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலை யாழ்ப்பாணத்தில் உள்ளது. 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடமும் இங்கே உள்ளது. தேவையானது, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு நாளும் உருவாகும் தரவு, மாலையில் தனியார் சிகிச்சை நிலையத்தில் இருக்கும் வைத்தியரின் மேசைக்கும் ஊர் மருந்தகத்தின் மருந்தாளரின் கைக்கும் ஆண்டுதோறும் ஒரு பக்கத் தாளாகப் போய்ச் சேருவதே. அந்தத் தாளின் பயனைப் பற்றித் துறைசார்ந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதை வெளியிடுவதற்கு வெளிநாட்டு நிதியும் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் மாதிரியில் இருக்கிறது. மூன்று தடவை மருந்து மாற்றியும் சுகம் வராதவரிடமே பெரும்பாலும் வளர்ப்புச் சோதனை கேட்கப்படுகிறது. அவர் சோதனைக்கு முன்னரே குளிசை தொடங்கியிருப்பார். கிருமி வளராது. 'கிருமி இல்லை' என்று அறிக்கை வரும், ஆனால் எரிவு நிற்காது. மருந்து தொடங்கும் முன், முதற்பகுதியை விட்டு நடுப்பகுதிச் சிறுநீரைக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, தாமதமின்றி ஆய்வுகூடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்ற எளிய விதி பின்பற்றப்படாதபோது, நோயாளரின் பணமும் வீண், பிரதேசத்தின் எண்ணும் பிழை.

மருந்தகத்தின் மேசையில்

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சிட்டையின்றி விற்க முடியாது. சட்டம் சொல்வது ஒன்று, நடப்பது வேறொன்று. நோயாளரைப் போல நடித்து மருந்தகங்களுக்குச் சென்ற ஆய்வாளர்களின் முடிவுகள் 2019 இல் வெளியாகின. நாட்டின் பல பகுதிகளிலுமாக 242 மருந்தகங்களில் 61 சதவீதமானவை சிட்டையில்லாமலே நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தன.

இதை மருந்தக உரிமையாளர்களின் பேராசை என்று மட்டும் வாசிப்பது பிரச்சினையைச் சுருக்கிவிடும். சலக்கடுப்புடன் வரும் பெண்ணுக்கு உள்ள தெரிவுகளை எண்ணிப் பாருங்கள். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு என்றால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். தனியார் வைத்தியர் என்றால் மாலையில் காத்திருப்பும் கட்டணமும். மேலும், சிறுநீர் சம்பந்தமான வருத்தத்தை ஆண் வைத்தியரிடம் விரித்துச் சொல்வதில் உள்ள தயக்கம். இவற்றுக்கிடையில் சந்தியிலுள்ள மருந்தகத்தில் 'போனமுறை தந்த அதே குளிசை' என்று கேட்பதே சுலபமான வழியாகிவிடுகிறது. கையிலுள்ள காசுக்கு ஏற்ப மூன்று நாளுக்கோ இரண்டு நாளுக்கோ வாங்குகிறார். எரிவு குறைந்ததும் மீதியை அடுத்த தடவைக்கு வைக்கிறார். அந்த மீதி பின்னர் அயலவருக்கும் போகிறது.

மறுபுறத்தில், தேவையில்லாத சிகிச்சையும் பெருமளவில் நடக்கிறது. வயோதிபர்கள், நீரிழிவு உள்ளவர்கள், கதீற்றர் போடப்பட்டவர்கள் பலரின் சிறுநீரில் எந்த அறிகுறியும் இல்லாமலே பக்ரீரியா இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் குறிப்பிட்ட சில சத்திரசிகிச்சைகளுக்கு உட்படுபவர்களுக்கும் அதற்குச் சிகிச்சை அவசியம். ஏனையோரில் பெரும்பாலானவர்களுக்கு நன்மையில்லை, எதிர்ப்பை வளர்க்கும் தீமை மட்டுமே உண்டு. 'சலத்தில் கிருமி இருக்குதாம்' என்ற ஒரு வரி, நலமாக இருக்கும் மூதாட்டியை ஆண்டு முழுவதும் குளிசை விழுங்க வைக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தொலைபேசியில் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பி, அங்கிருந்து வரும் அவசரத்தில் மருந்து தொடங்கப்படும் வீடுகள் குடாநாட்டில் குறைவில்லை.

2022 இன் பொருளாதார நெருக்கடி இந்த நிலைமையின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றியது. தனக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு கடன் செலுத்த முடியாமல் போனபோது, பொருத்தமான மருந்தை எழுதுவதற்குப் பதில் இருப்பில் உள்ள மருந்தை எழுத வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. தொடர்ந்து 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு அம்பலமாகி, முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். அந்த வழக்கு நுண்ணுயிர்க்கொல்லி பற்றியதல்ல. ஆயினும், மருந்துக் கொள்வனவில் தரம் தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது எச்சரிக்கை. உரிய அளவு மருந்து இல்லாத குளிசை கிருமியைக் கொல்லாது, அதற்குப் பயிற்சி கொடுக்கும்.

கிணறும் மலசலகூடமும்

மருந்தை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் குடாநாட்டின் கதை முழுமையடையாது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளின் ஊற்று. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு நிலத்தடி நீர்ப்படுக்கைகள் இக்குடாநாட்டைத் தாங்குகின்றன. மழைநீர் விரைவாக இறங்கும் அதே இடுக்குகளின் வழியாக மலக்குழிக் கழிவும் விரைவாக இறங்கும். ஒரு பரப்பு, இரண்டு பரப்புக் காணித் துண்டுகளில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்த இடங்களில், கிணற்று நீரில் மலத்துடன் சம்பந்தப்பட்ட பக்ரீரியா இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் இழப்பீட்டுத் தீர்ப்புக் கிடைத்தது. எண்ணெய் மணத்தது, அதனால் மக்கள் எழுந்தார்கள். ஈ. கோலைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கிணற்று நீரைக் குடிப்பதால் உடனே சிறுநீர்த் தொற்று வருவதில்லை. ஆனால் ஒருவரின் குடலில் வளர்ந்த எதிர்ப்புக் கிருமி, மலக்குழி வழியே நிலத்தடி நீருக்கும், அங்கிருந்து மருந்தே குடிக்காத இன்னொருவரின் குடலுக்கும் போக வழி திறந்திருக்கிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால், நன்னீர் விநியோகமும் கழிவகற்றலும் நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாதுகாக்கும் திட்டங்களும் ஆகும். 2024 ஓகஸ்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்தைப் பற்றிய விவாதங்கள் செலவு, கடற்றொழில், நீரின் சுவை என்பவற்றையே சுற்றின. குழாய் நீர் வந்தாலும் மலக்குழிகள் அப்படியே இருக்கும் என்ற கேள்வி அதில் போதிய இடம் பெறவில்லை.

தண்ணீரின் இன்னொரு பக்கம் இதைவிட எளிமையானது. 2018 இல் வெளியான ஒரு பரிசோதனையில், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும், வழக்கமாகக் குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்கள் ஓராண்டு அவதானிக்கப்பட்டார்கள். நாளாந்தம் ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று வந்த தடவைகள் சராசரியாக 1.7, கூடுதலாகக் குடிக்காதவர்களுக்கு 3.2, அதாவது முன்னையவர்களுக்கு ஏறத்தாழ அரைவாசியே. மருந்தில்லாத இந்தத் தீர்வைப் பின்பற்ற எங்கள் பெண்களால் முடிகிறதா? நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் புடவைக் கடைப் பணிப்பெண், சந்தையில் மரக்கறி விற்கும் அம்மா, தூரத்துப் பாடசாலைக்குப் பேருந்தில் போகும் ஆசிரியை, மலசலகூடத்தின் நிலையை நினைத்துக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவி. இவர்கள் தண்ணீரைத் தவிர்ப்பது அறியாமையால் அல்ல. போக இடமில்லாததால். உள்ளூராட்சி சபைகளின் அதிகாரத்துக்குள் உள்ள பொதுச் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பெண்கள் தயங்காமல் பாவிக்கக்கூடிய மலசலகூடங்களை அமைத்துப் பராமரிப்பது, தொற்றையும் மருந்துப் பாவனையையும் ஒன்றாகக் குறைக்கும் வேலை.

புலம்பெயர்ந்தோருக்கும் சம்பந்தமுண்டு

கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர் வரும் உறவுகளுக்கு இது எங்கோ நடக்கும் விடயமல்ல. நெதர்லாந்தில் 2,001 பயணிகளைத் தொடர்ந்து அவதானித்து 2017 இல் வெளியான ஆய்வில், பயணத்துக்கு முன் ஈ.எஸ்.பி.எல். கிருமி இல்லாதிருந்தவர்களில் 34 சதவீதத்தினர் அதைக் குடலில் சுமந்தபடி திரும்பினர். தெற்காசியாவுக்குப் போனவர்களில் அது 75 சதவீதம். பெரும்பாலானவர்களிடம் சில வாரங்களில் மறைந்தாலும், 11 சதவீதத்தினரிடம் ஓராண்டின் பின்னரும் இருந்தது. பயணத்தின் போது வயிற்றோட்டத்துக்காக நுண்ணுயிர்க்கொல்லி குடித்தவர்களிடம் இந்த ஆபத்து அதிகமாக இருந்தது. ஊரிலிருந்து திரும்பிய சில மாதங்களுக்குள் சிறுநீர்த் தொற்று வந்தால், பயணத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்வது சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

அதேபோல், அங்கிருந்து 'நல்ல மருந்து' என்று பொதியில் வரும் மீதிக் குளிசைகளும் உதவியாக அமைவதில்லை. வேறொரு நாட்டின் கிருமிக்காக, வேறொருவருக்காக எழுதப்பட்ட மருந்து அது.

புதிய மருந்து வந்து காப்பாற்றுமா?

சிறுநீர்த் தொற்றுக்கென ஜெபோடிடாசின் என்ற புதிய வகை வாய்வழி மருந்துக்கு அமெரிக்கா 2025 மார்ச்சில் அனுமதி வழங்கியது. இந்த நோய்க்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின் வந்த முதல் புதிய வகை அது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அத்தகைய மருந்துகள் கட்டுப்படியாகும் விலையில் எங்கள் அரச வைத்தியசாலைகளை வந்தடைய நீண்ட காலம் எடுக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், 1950களில் புழக்கத்துக்கு வந்த நைட்ரோபியூரன்டோயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்னமும் பல நாடுகளில் முதல் தெரிவாக இருக்கிறது. மலிவானது. குடல் கிருமிகளைப் பெரிதாகக் குழப்பாதது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் பிரசவத்தை நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் உகந்ததல்ல, சிறுநீரகத் தொற்றுக்குப் போதாது என்பதால் அதையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். பழைய மருந்தைப் பேணிப் பாவிப்பது, இல்லாத புதிய மருந்துக்காகக் காத்திருப்பதை விட எங்களுக்குப் பொருத்தமான வழி.

எங்களை ஒத்த சமூகம் ஒன்று எப்படிச் செயற்பட்டது என்பதற்குக் கேரளம் அருகிலேயே உள்ளது. இந்தியாவில் மாநில மட்டத்தில் முதன்முதலாக 2018 இல் அங்கே மருந்து எதிர்ப்புச் செயற்திட்டம் வகுக்கப்பட்டது. 2024 ஜனவரியில் சிட்டையில்லாத விற்பனையைப் பிடிக்கத் திடீர்ச் சோதனைகள் தொடங்கின. நுண்ணுயிர்க்கொல்லிகளை மக்கள் அடையாளம் காண நீலநிற உறையில் கொடுக்கும் முறை அறிமுகமானது. பாவனை 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக அம்மாநில அரசு கூறியது. அந்தக் கணக்கு அரசினுடையது என்பதை மனதில் வைத்தாலும், ஒரு மாநிலச் சுகாதாரத் துறை முனைந்தால் கடை மேசையில் மாற்றம் வரும் என்பது தெரிகிறது.

வடக்கில் என்ன செய்யலாம்?

யாழ். போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இயங்குகிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் உள்ளன. தனியார் சிகிச்சை நிலையங்கள் இரண்டுக்கும் வெளியே. கிருமிக்கு இந்த நிர்வாக எல்லைகள் தெரியாது. 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தல் நடைபெறாததால், மாகாணச் சுகாதாரத் துறையைக் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட சபையும் இல்லாமல் போயிற்று. மாகாண சபைத் தேர்தலைக் கேட்கும் கட்சிகள் அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசும்போது, அந்த அதிகாரத்தைக் கொண்டு சுகாதாரத்தில் என்ன செய்வோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

சபை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. முதலாவது, மேலே சொன்ன ஒரு பக்கத் தாள்: குடாநாட்டின் அரச, தனியார் ஆய்வுகூடங்களின் சிறுநீர் வளர்ப்புச் சோதனை முடிவுகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுவது. இரண்டாவது, உணவு மற்றும் மருந்துப் பரிசோதகர்களின் கண்காணிப்பில் சிட்டையில்லாத நுண்ணுயிர்க்கொல்லி விற்பனைக்கு முன்னுரிமை கொடுப்பது. அதனுடன் சேர்த்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாலை வேளையில் அரச சிகிச்சை கிடைக்க வழி செய்யாவிட்டால், கடையை மட்டும் அடைப்பது ஏழைப் பெண்ணைத் தண்டிப்பதாகவே முடியும். மூன்றாவது, தாய் சேய் நல நிலையங்களிலும் நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களிலும் இதைப் பற்றித் தமிழில் விளக்குவது.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அதே மண்ணில் இன்று நோயாளரின் கைக்கு வரும் பரிசோதனை அறிக்கையில் 'எஸ்', 'ஐ', 'ஆர்' என்ற மூன்று எழுத்துகள் விளக்கமின்றி இருக்கின்றன. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். ஆர் என்றால் கட்டுப்படாது. ஐ இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆர் அதிகமாக இருப்பதைக் கண்டு பயந்து, எஸ் இருப்பவற்றில் விலை கூடியதைத் தானாக வாங்குவது தவறு. எந்த எஸ் பொருத்தமானது என்பதைக் கிருமி தங்கியிருக்கும் இடமும் நோயாளரின் சிறுநீரகத்தின் நிலையும் சேர்ந்தே முடிவுசெய்யும்.

நோயாளர் தரப்பில் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. எரிவு தொடங்கியதும் வைத்தியரைக் காண்பது, குளிருடன் காய்ச்சலோ விலா நோவோ வாந்தியோ இருந்தால் அல்லது கர்ப்பமாக இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போவது, கடந்த ஆறு மாதத்தில் குடித்த நுண்ணுயிர்க்கொல்லிகளின் பெயரைச் சொல்வது, பழைய பரிசோதனை அறிக்கைகளை எறியாமல் வைத்திருப்பது, மீதிக் குளிசையை ஒருவருக்கும் கொடுக்காதிருப்பது. இவ்வளவுதான்.

2024 செப்டெம்பர் 26 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உலகத் தலைவர்கள், மருந்து எதிர்ப்புடன் தொடர்புடைய மரணங்களை 2030 க்குள் 10 சதவீதத்தால் குறைப்பதாக உடன்பட்டார்கள். அந்த இலக்கு நியூயோர்க்கில் எழுதப்பட்டாலும் அதை எட்டுவதா இல்லையா என்பது எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள மருந்தகத்திலும் வீட்டுக் கிணற்றடியிலும்தான் தீர்மானமாகும். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரும், நாளை சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெறப்போகும் தாயும், சிறுநீரகம் மாற்றப்பட்டவரும் தொற்றிலிருந்து தப்புவது இந்த மருந்துகளை நம்பித்தான். சலக்கடுப்புக்கு இன்று நாம் வீணாக்கும் குளிசை, அவர்களுக்கு நாளை தேவைப்படும் குளிசை.